சோற்றில் சேராதது

அமாவாசை ராத்திரி சோறு கிடையாது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆசார வீடுகள் பலவற்றில் இன்றும் இது எழுதாத சட்டம். பகலில் தர்ப்பணம் முடித்து ஒருவேளை இலை போட்டுச் சாப்பிட்டாயிற்று. இரவில் அரிசிப் பானை அடுப்பில் ஏறாது. அதற்காக யாரும் பட்டினி கிடப்பதும் இல்லை. தோசைக்கல் ஏறும், அல்லது உப்புமாவுக்கு வாணலி ஏறும். ‘இன்னிக்குப் பலகாரம்’ என்று ஒரே சொல்லில் வீட்டுக்கு அறிவிப்பு வந்துவிடும். இரண்டு தோசை, தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி, ஒரு டம்ளர் மோர். வயிறும் அடங்கும், விரதமும் முறியாது.

பலகாரம் என்ற சொல் வடமொழியின் ‘பலாஹாரம்’ என்பதிலிருந்து வந்தது. பலம் என்றால் பழம், ஆஹாரம் என்றால் உணவு. விரத நாளில் பழம் மட்டும் உண்டு கழிப்பது என்பதே அதன் முதற்பொருள். பழம் காலப்போக்கில் தோசையாகவும் அடையாகவும் சேவையாகவும் மாறியது, சொல் மாறவில்லை. தமிழர் சமையலில் சிற்றுண்டி என்ற பெரிய குடும்பத்தின் ஒரு கிளை இப்படி நோன்பின் மடியில் வளர்ந்திருக்கிறது. உணவைத் துறக்க வேண்டிய இரவுகளில், துறக்காமல் துறப்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் பலகாரம்.

இதில் ஒளிந்திருக்கும் நுட்பம் வியப்பானது. தோசையிலும் அரிசி இருக்கிறதே, அது எப்படிச் சோறாகாமல் போயிற்று? ஊறவைத்து அரைத்தாயிற்று, உளுந்து சேர்த்தாயிற்று, கல்லில் வார்த்தாயிற்று. முழு அரிசி முழு அரிசியாக நீரில் வேகவில்லை. ஆகவே அது அன்னம் இல்லை. ஏகாதசிக்கு அரிசி உப்புமா செய்யும் வீடுகளில் இந்த வாதம் இன்னும் ஒரு படி மேலே போகும். அதே அரிசிதான், இரண்டு மூன்றாக உடைந்திருக்கிறது, கடுகும் மிளகும் துவரம்பருப்பும் சேர்ந்திருக்கின்றன. வெண்கலப் பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்னும் குழந்தைகளுக்கு அது விரதமென்றே தெரியாது. கடுமையாக அனுஷ்டிப்பவர்கள் இதையும் ஒப்பமாட்டார்கள்; அவர்களுக்குக் கோதுமை ரவை. பெரும்பாலான வீடுகள் உடைந்த அரிசியோடு சமாதானம் செய்துகொண்டன.

இந்தச் சிறு உணவின் வரலாற்றில் பேசாமல் கடக்கக்கூடாத ஒரு கூட்டம் உண்டு. பிராமண வீடுகளில் கணவனை இழந்த பெண்களுக்கு ஒருநாளில் ஒருவேளைதான் சோறு என்று விதித்திருந்தார்கள். சில நேரம் பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் விழுந்த விதி அது. மீதி ஆயுள் முழுக்க அவர்களுக்கு ராத்திரி என்றால் பலகாரம்தான். அடை, பொரி, பச்சைமாவு, உப்புமா என்று அதே அடுப்படியில் மாற்றி மாற்றிச் செய்து பழகியவர்கள் அவர்கள். குறைந்த பண்டத்தில் சுவையைக் கூட்டும் வித்தை, எந்த மாவு எத்தனை நாழிகையில் புளிக்கும் என்ற கணக்கு, பட்சணத்தின் பக்குவம் எல்லாம் அந்தக் கைகளில் சேர்ந்திருந்தன. கல்யாண வீட்டில் முறுக்குச் சுற்ற அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். மணமேடைப் பக்கம் வர விடமாட்டார்கள். இன்று சுவைத்து மகிழும் பலவற்றின் பின்னால் அந்தப் பெண்களின் பசி இருக்கிறது. சமையல் புத்தகங்கள் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை.

சோற்றில் சேராத உணவுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. அதில் உறவு ஒட்டாது. தமிழ்நாட்டின் பல சாதிகளில் ‘கை நனைப்பது’ என்ற சொல்லுக்கு வெறுமே சாப்பிடுவது என்று பொருளில்லை. ஒரு வீட்டில் கை நனைத்தால் அந்த வீட்டோடு பந்தம் ஏற்பட்டுவிட்டது. பகை முற்றினால் ‘இனி அந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன்’ என்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஆனால் வெயிலில் வந்தவர்களை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? அங்கேதான் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்து கைகொடுத்தன. வாழைக்காய் பஜ்ஜி நாலு, கேசரிப்பவுடர் போட்ட சொஜ்ஜி ஒரு கரண்டி, காப்பி. உபசாரம் முழுமை, உறவு இன்னும் திறந்தபடி. நாளைக்கே ‘ஜாதகம் ஒத்துவரவில்லை’ என்று சொல்லி அனுப்பினாலும் உப்புக்குத் துரோகம் செய்த குற்றம் இல்லை. பரிமாறும் இலையில்கூட இந்த வேறுபாடு தெரியும். சாப்பாட்டுக்கு நுனி இலை. டிபனுக்கு நடுவே நறுக்கிய ஏடு.

ஆக, சிறிய உணவு என்பது அளவில் மட்டும் சிறியதாக இருக்கவில்லை. கடமையிலும் சிறியது, ஆசாரத்திலும் சிறியது. நீரில் வெந்த சோற்றைத் தொட்டால் கை கழுவ வேண்டும். எண்ணெயில் பொரித்த பட்சணத்துக்கு அத்தனை கெடுபிடி கிடையாது. சோறு மறுநாள் பழையதாகிவிடும். சீடையும் தட்டையும் தூக்கில் போட்டு வண்டியேறிக் காசிக்கே போகும். இந்தச் சின்னச் சின்ன விலக்குகள்தான் அதை வீட்டைவிட்டு வெளியே கூட்டிவந்தன.

பழந்தமிழில் சோற்றின் பெருமை அளவில் இருந்தது. படைக்குப் பெருஞ்சோறு அளித்ததனால் சேர மன்னன் உதியனுக்குப் பெயரின் முன்னே பெருஞ்சோறு ஒட்டிக்கொண்டது. வள்ளலைப் பாட வந்த புலவர்கள் குவிந்த சோற்றையும் ஊன் துண்டங்களையும் பாடினார்கள். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலை மட்டும் சற்று விலகி நிற்கிறது. சோறு சிறிதளவே இருந்த நாளிலும் அவன் அதைப் பல கலங்களில் பகிர்ந்து உண்டவன் என்று அந்தப் புறநானூற்றுப் பாடல் நினைவுகூர்கிறது. சிறிய அளவைப் பல தட்டில் வைப்பதை அன்பின் அடையாளமாகக் கண்ட அந்தக் கண்ணுக்கு ஈடு ஏது!

சிற்றுண்டியோ அந்தக் காலத்திலேயே தெருவுக்கு வந்துவிட்டது. மதுரைக்காஞ்சியில் இரவு முற்றுகிறது, கடைகள் அடங்குகின்றன. தேன்கூட்டைப் போலத் துளை துளையாக இருக்கும் மெல்லடையும், பருப்பும் தேங்காயும் பாகும் உள்ளே வைத்துப் பிடித்த மோதகமும் விற்கிற கூவியர், சரக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கி வழிகிறார்கள். அப்பம் சுடுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குத்தான் கூவியர் என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையிலும் அவர்கள் வருகிறார்கள். கரி பிடித்த அகல் சட்டியில் பாகோடு சேர்த்துச் செய்த, நூல் சுற்றியது போன்ற வட்டங்களைப் பாலில் மிதக்கவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி நீரில் குருக்கத்திப் பூக்கள் விழுந்து கிடந்தன என்கிறார் புலவர். பூவுக்கு உவமையாகப் பலகாரம்! கேட்பவருக்குப் பூவைவிடப் பலகாரம் நன்றாகத் தெரிந்திருந்தால்தான் இந்த உவமை எடுபடும்.

பாலில் மிதக்கும் அந்த வட்டத்தைப் படிக்கும்போது செட்டிநாட்டுப் பால் பணியாரம் நினைவுக்கு வராமல் இராது. பச்சரிசியும் உளுந்தும் அரைத்துச் சுண்டைக்காய் அளவில் கிள்ளிப் பொரித்து, சர்க்கரை கரைத்த தேங்காய்ப்பாலில் போடுகிறார்கள். இரண்டுக்கும் நேரான உறவு உண்டென்று சொல்ல ஆதாரமில்லை. ரசனை ஒன்றுபோல இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். செட்டிநாட்டில் சாப்பாட்டுக்குச் சாப்பாடு நடுவே வரும் இதுபோன்ற தின்பண்டங்களுக்கு ‘இடைப்பலகாரம்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், சீயம், கல்கண்டு வடை எல்லாம் இந்த வரிசை. வெள்ளைப் பணியாரத்தை வட்டம் குலையாமல் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுப்பதே ஆச்சிமார் மருமகளின் கைத்திறனைப் பார்க்கிற பரீட்சை.

கோயில் மடைப்பள்ளி இந்த வரலாற்றில் பெரிய பங்காளி. திருமலைக் கல்வெட்டுகளில் விஜயநகரக் காலத்து நிவேதனப் பட்டியல்களைப் பார்த்தால் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, இட்டலிப்படி, தோசைப்படி என்று நீண்டுகொண்டே போகும். தளிகையாகச் சோறும் உண்டு. ஆனால் இரண்டின் கணக்கும் வேறு. சோற்றை அளப்பார்கள், பலகாரத்தை எண்ணுவார்கள். கட்டளை வைத்தவருக்குப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உண்டு என்பது அந்நாளைய முறை. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அப்பத்தையும் வடையையும் எண்ணிப் பிரித்துக் கொடுப்பது எளிது. தன் பங்கை வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் எளிது. பிரசாதம் விலைக்குப் போனது அப்படித்தான். ஒரு பண்டத்துக்கு எண்ணிக்கை வந்துவிட்டால் விலை வரத் தாமதமாகாது. பின்னாளில் ஓட்டலில் கேட்ட ‘ரெண்டு இட்லி ஒரு வடை’ என்ற குரலுக்கு இந்த எண்ணும் பழக்கம் முன்னோடி.

இட்லியின் பூர்வீகத்தைத் தேடிப் போனாலும் சின்ன உருவமே எதிர்ப்படுகிறது. 920ஆம் ஆண்டளவில் எழுந்த ‘வட்டாராதனே’ என்ற கன்னட நூல் ‘இட்டலிகெ’ என்று சொல்கிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் 1130 வாக்கில் எழுந்த ‘மானசோல்லாசம்’ அதையே ‘இட்டரிகா’ என்கிறது. உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா எடுத்துக்காட்டியபடி, அது உளுந்து மாவில் பிடித்த சிறு உருண்டை. மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்ந்தது. அரிசியும் ஆவியும் புளிப்பும் பிறகு வந்து சேர்ந்தவை. நேர்மாறாக, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி பேருருவம் எடுத்தது. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். சுக்கும் மிளகும் சீரகமும் மணக்க, உருளையாக வெளியே வருவதைத் துண்டு போட்டுத்தான் கொடுக்க முடியும். இலையின் மணம் ஒவ்வொரு துண்டிலும் ஏறியிருக்கும்.

‘டிபன்’ என்ற சொல் எங்கிருந்தோ வந்து இந்தக் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டது. சாப்பாட்டு நேரமல்லாத நேரத்தில் குடிப்பதற்கும் கொறிப்பதற்கும் ‘டிஃபிங்’ என்று ஆங்கிலேயரின் கொச்சைப் பேச்சில் ஒரு சொல் இருந்தது. அதிலிருந்து பிறந்ததே டிபன் என்று 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி கருதியது. வெள்ளைக்காரத் துரைமாருக்கு அது மத்தியான இலேசான உணவு. சென்னைப்பட்டணத்துக் குமாஸ்தாவோ ஒன்பது மணிக்கே சோறு உண்டு கச்சேரிக்குப் போகிறவர். அவருக்கு மூன்று மணிக்குத்தான் பசிக்கும். ஆகவே டிபன் மூன்று மணிக்கு நகர்ந்தது. பிறகு காலைக்கும் இரவுக்கும்கூடப் பரவி, சோறு இல்லாத எந்த வேளைக்கும் பொதுப்பெயராயிற்று. அமாவாசைப் பலகாரம் இருந்த அதே இடத்தில், விரதம் மட்டும் கழன்றுபோய், டிபன் வந்து உட்கார்ந்தது.

கூடவே காப்பி வந்தது. அதுவரை காலையில் நீராகாரமும் பழையதும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுத்தர வர்க்கம் காப்பிக்கு மாறியதையும், அது உடலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்று பத்திரிகைகளில் எழுந்த கூக்குரலையும் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பழையது சாப்பிட்டவருக்குக் காப்பி தேவைப்படவில்லை. காப்பி குடித்தவருக்குப் பழையது ஒத்துவரவில்லை. காப்பிக்குத் துணை ஒன்று வேண்டும். அது சூடாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். இட்லிக்கும் வடைக்கும் காலம் கனிந்தது. இனிப்பு, காரம், காப்பி என்ற மூன்றடுக்கு வரிசை உருவாகிச் சங்கக் கூட்டத்திலிருந்து பணி ஓய்வு விழாவரை எங்கும் நிலைத்துவிட்டது.

அதைக் கடையாக்கியவர்களில் அன்றைய தென்கன்னட மாவட்டத்து உடுப்பிக்காரர்கள் முன்னே நிற்கிறார்கள். கிருஷ்ணர் கோயிலையும் எட்டு மடங்களையும் சுற்றி வளர்ந்த சமையற்கலை அவர்களுடையது. சமையலறை எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1920களில் சென்னை மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸை நடத்தினார். 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962இல் திறந்த டிரைவ் இன் உட்லண்ட்ஸில் காருக்குள் உட்கார்ந்தபடியே தோசை தின்னலாம். கதவில் தட்டைக் கொக்கி போட்டு மாட்டிவிடுவார்கள். 2008இல் அது மூடியபோது ஒரு தலைமுறையே தன் சாயங்காலங்களை இழந்ததுபோல் வருந்தியது. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் வாளியோடு நின்று, இட்லி மூழ்க மூழ்கச் சாம்பார் ஊற்றினார்கள். இட்லி இரண்டுதான். சாம்பாருக்குக் கணக்கில்லை. குறைந்த பணத்தில் வந்தவனுக்கு அந்த வாளி பெரிய ஆறுதல்.

டிபன் கடையின் வெற்றிக்குக் காரணம் அதன் சிறுமைதான் என்று துணிந்து சொல்லலாம். சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால் முழுப் பணம். இங்கே சட்டைப்பையில் இருக்கிற சில்லறைக்கு ஏற்ற அளவு. ஓட்டலில் சோறு தின்றான் என்றால் ஊரில் பேச்சு வரும். டிபன் சாப்பிட்டு காப்பி குடித்தேன் என்றால் மாமியாரும் மன்னிப்பாள். சோற்றில் சேராததனால்தான் அந்நியர் சமைத்ததை அந்நியரோடு உட்கார்ந்து தின்னும் பழக்கம் முதலில் அதன் வழியாக நுழைந்தது.

எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் அதே பிரிவினை. சில கடைகளுக்குள் நுழையவே முடியாதவர்கள் இருந்தார்கள். ‘பிராமணாள்’ என்ற சொல் பெயர்ப்பலகையில் பெருமையோடு தொங்கியது. 1957இல் பெரியார் அந்தச் சொல்லை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் மறியலைத் தொடங்கினார். திராவிடர் கழகத் தொண்டர்கள் நாள்தோறும் போய் நின்று கைதானார்கள். போராட்டம் மறு ஆண்டுவரை நீண்டது. கடைசியில் பலகையிலிருந்து அந்தச் சொல் அகன்றது. இரண்டு இட்லிக்கும் ஒரு காப்பிக்கும் பக்கத்தில் சமமாக உட்காரச் சிறை செல்ல வேண்டியிருந்தது என்பதை இட்லியின் வரலாறு எழுதுகிற எவரும் விட்டுவிடக் கூடாது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த வழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஆசாரம் தளர்த்திய விதியைச் சாதி தளர்த்தவில்லை.

பஞ்சமும் போரும் தட்டின் உள்ளடக்கத்தை மாற்றின. 1942இல் பர்மா ஜப்பானியர் வசம் போனபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் பங்கீடு வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கும்வரை அரிசி என்பது அட்டைக்கு அளந்து போடும் பொருள். அரிசி போன இடத்துக்குக் கோதுமை ரவை வந்தது. பெங்களூர் எம்.டி.ஆர். உணவகம், அந்தப் போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாட்டில்தான் தாங்கள் ரவா இட்லியைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு ஒருவேளை உணவை விடுமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டார். ஏகாதசியும் அமாவாசையும் அறிந்த வீடுகளுக்கு அது புதிய வேண்டுகோளாக இருந்திருக்காது.

இதுவரை சொன்னது பெரிதும் நகரத்தின் கதை. ஆற்றுப்பாசன ஊர்களின் கதை. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலக் கிராமங்களில் இட்லி என்றால் தீபாவளி. நெல்லுச்சோறே நோன்பு நொடிக்குத்தான். ஐப்பசி வருமுன்பே குழந்தைகள் நாளெண்ணிக் காத்திருப்பார்கள். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் இட்லி, கூடவே கறிக்குழம்பு. அறுபதைக் கடந்த பலரும் இதைச் சொல்லும்போது முகம் மாறுவதைக் காணலாம். தினமும் இட்லி தின்பது அவர்களுக்குச் செல்வத்தின் விளக்கமாக இருந்தது. அந்த நிலைமையை மாற்றியதில் ஒரு யந்திரத்துக்குப் பங்குண்டு. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் மின்சார மாவரைக்கும் கல், ஆட்டுக்கல்லின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்த பெண்களை எழுப்பிவிட்டது. பசுமைப் புரட்சியின் குட்டை நெல் ரகங்கள், நியாயவிலைக் கடை அரிசி, வீட்டுக்கு வந்த குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து தீபாவளி இட்லியைத் தினசரி இட்லியாக்கின. தெருமுனையில் இட்லிக் கொப்பரை வைத்துப் பிழைத்த ஆயாக்களின் கடைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆண்துணையற்ற எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கொப்பரையே நிலம், அதுவே வீடு.

உருவத்தைச் சிறிதாக்கும் ஆசை அடுக்களையில் என்றும் இருந்தது. கொழுக்கட்டைக்குப் பூரணம் தீர்ந்து மேல்மாவு மிஞ்சினால் அதைக் கோலிக்குண்டைவிடச் சின்னதாக உருட்டி ஆவியில் வேகவைத்து, கடுகும் உளுத்தம்பருப்பும் மிளகாயும் தாளித்துக் கொட்டுவார்கள். அம்மணிக் கொழுக்கட்டை என்று செல்லப்பெயர். கோகுலாஷ்டமிக்குச் செய்யும் சீடை, குழந்தைக் கண்ணனின் விரல் பிடிக்கும் அளவு. மரச்செப்பில் மணலைச் சோறென்று வைத்து விளையாடிய பெண்பிள்ளைகளின் சிறுசோறு சங்க இலக்கியக் காலத்திலிருந்தே தொடர்ந்து வருவது.

ஓட்டல் அந்த ஆசையைத் தட்டில் வைத்து விற்றது. 1981இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனின் விலைப்பட்டியலில் ‘14 இட்லி’ ஒரு பெயராகவே மாறியது. நாணயம்போல் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் வார்த்து, கிண்ணம் நிறைந்த சாம்பாரில் போட்டு, மேலே ஒரு கரண்டி நெய். பதினான்கையும் சேர்த்தால் பெரிய இட்லி இரண்டு மூன்றுக்கு மேல் போகாது. ஆனால் வாயில் அது வேறு பண்டம். மேற்பரப்பு கூடுகிறது, ஒவ்வொரு இட்லியும் சாம்பாரை முழுதாகக் குடிக்கிறது, கரண்டியால் அள்ளி ஒரே வாயில் போடலாம். குழந்தைக்கு ஊட்டுவது சுலபம். அதே வழியில் மினி டிபன் வந்தது. ஒரு கரண்டி கேசரி, ஒரு கரண்டி பொங்கல், உள்ளங்கை அகல மசால் தோசை, இட்லி, வடை, கடைசியில் காப்பி. எதிலும் வயிறு நிறையாது. எல்லாம் சேர்ந்தால் நிறையும். எதைச் சொல்வது என்று தவிக்கிறவருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடும் இந்த ஏற்பாடு, கல்யாணப் பந்தியின் பல பண்டச் சுகத்தைத் தனியாக வந்தவருக்கும் தந்தது. ஓட்டல்காரர்களின் கண்டுபிடிப்புகளில் இதுவே மிகுந்த கனிவுள்ளது.

2013 பிப்ரவரியில் சென்னை சாந்தோமில் முதல் அம்மா உணவகம் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். சுமை தூக்குகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் நின்றபடியே நாலைந்து இட்லி தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். எண்ணி வாங்கும் உணவு என்பதால் கையிலிருக்கிற காசுக்குச் சரியாக நிறுத்திக்கொள்ள முடிந்தது.

2022 செப்டம்பர் 15ஆம் நாள், அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. கூவியர் மோதகத்தின் பக்கத்தில் தூங்கி வழிந்த அதே மதுரை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் என்ன போடுவது என்று அரசு பட்டியல் வகுத்தது. கிச்சடி இருந்தது, பொங்கல் இருந்தது, காய்கறிச் சாம்பாரோடு உப்புமா வகைகள் இருந்தன. ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா என்ற அந்த வரிசையில் அரிசி உப்புமாவும் இருந்தது. சோற்றில் சேராது என்று சொல்லி ஏகாதசிக்கு வெண்கலப் பானையில் கிளறிய அதே பண்டம், வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்த பிள்ளையின் தட்டில், அன்றைய முதல் சாப்பாடாக விழுந்தது.